கோலிக்குண்டு மேலே ஏறிய பப்

கேள்வி இது: "இங்கிலாந்தில் சாய்ந்தபடியே நின்ற ஒரு பழைய கிராமத்து பப் ஒரே வாரக் கடைசியில் எரிந்து, இடிபட்டு, இல்லாமலே போய்விட்டது என்று படித்தேன். அது ஏன் சாய்ந்தது? இவ்வளவு காலம் எப்படி விழாமல் நின்றது? அரசாங்கம் ஏன் காப்பாற்றவில்லை?"

நீங்கள் கேட்பது 'க்ரூக்கட் ஹவுஸ்' பற்றி. கோணல் வீடு என்று தமிழில் சொல்லலாம். மத்திய இங்கிலாந்தில் உள்ள வுல்வர்ஹாம்டனில் வேலை பார்த்த காலத்தில் நான் அங்கே பலமுறை போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை என்னை அங்கே கூட்டிப்போனவர் என்னோடு வேலை பார்த்த வயதான மனிதர் ஒருவர். பக்கத்து ஊரான கோர்னலில் பிறந்து வளர்ந்தவர். ஹிம்லி கிராமத்துக்கும் டட்லி நகருக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து பிரிந்து மரங்களுக்கு நடுவே ஒரு சந்து போகும். அதன் கடைசியில் தனியாக நின்றது அந்தச் செங்கல் கட்டடம். படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், நேரில் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்யும். ஒரு முனை மறு முனையைவிட சுமார் 4 அடி தாழ்ந்திருந்தது. ஜன்னல், வாசல், கூரை விளிம்பு எல்லாமே அந்தச் சாய்வோடு சேர்ந்து சாய்ந்திருந்தன. தாழ்ந்த பக்கத்தில் தடித்த முட்டுச்சுவர்கள் தோள் கொடுத்துக்கொண்டு நின்றன.

உள்ளே போனதும் நண்பர் ஒன்றும் பேசாமல் ஒரு கோலிக்குண்டை வாங்கி சுவரோரப் பலகையில் வைத்தார். அது மெல்ல உருண்டு மேட்டைப் பார்த்து ஏறியது. திரும்ப எடுத்து வைத்தார், மறுபடியும் ஏறியது. நாலைந்து முறை வைத்துப் பார்த்தும் என் கண் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அறையில் நெடிய ஊசல் கடிகாரம் ஒன்று நின்றது. இப்போதே விழுந்துவிடும் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. "அதுதான் இங்கே நேராக நிற்கிற ஒரே சாமான்" என்றார் நண்பர்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. எது மட்டம், எது செங்குத்து என்று நம் கண் முடிவு செய்வது சுற்றியிருக்கும் சுவரையும் ஜன்னல் சட்டத்தையும் தரையையும் பார்த்துத்தான். அறை முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வையே மட்டம் என்று கண் எடுத்துக்கொள்ளும். தரையைவிடக் கொஞ்சம் குறைவாகச் சரிந்த பலகை அப்போது மேல்நோக்கி ஏறுவது போலத் தெரியும். குண்டு என்னவோ ஒழுங்காகக் கீழேதான் உருளும். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றை அந்தப் பலகையில் வைத்திருந்தால் நொடியில் உண்மை விளங்கியிருக்கும். ஆனால் வைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி, ஏன் சாய்ந்தது?

அந்த வட்டாரத்துக்கு 'பிளாக் கன்ட்ரி' என்று பெயர். நிலக்கரியும் இரும்பும் புகையும் சேர்ந்து கொடுத்த பெயர். அங்கே நிலத்துக்கடியில் சுமார் 30 அடி கனமுள்ள நிலக்கரி அடுக்கு ஒன்று ஓடுகிறது. உள்ளூரில் 'பத்து கஜ அடுக்கு' என்பார்கள். பிரிட்டனில் அவ்வளவு தடித்த கரி அபூர்வம். அதுவும் பல இடங்களில் அதிக ஆழமில்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக்கு உலை மூட்டியதில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

30 அடி கனத்துக்குக் கரியைத் தோண்டி எடுத்தால் அங்கே 30 அடி உயரத்துக்கு வெற்றிடம் வரும். மேற்கூரையைத் தாங்க நடுநடுவே கரித் தூண்களை விட்டுவைப்பார்கள். நாளாவட்டத்தில் அந்தத் தூண்கள் நொறுங்கும், அல்லது வேறு யாராவது வந்து அதையும் சுரண்டுவார்கள். அப்போது மேலே உள்ள பாறை அடுக்கு அடுக்காக இறங்கி, கடைசியில் தரைமட்டத்தில் ஒரு பெரிய தட்டு போலப் பள்ளம் விழும். வீடு அந்தப் பள்ளத்தின் நடுவில் இருந்தால் மொத்தமாகக் கீழே போகும், ஆனால் ஓரளவு நேராகவே இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்ட வீட்டுக்குத்தான் தொல்லை. ஒரு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். கோணல் வீட்டுக்கு நேர்ந்தது அதுதான். அதே வட்டாரத்தில் அப்படி விரிசல் விட்டு விழுந்த வீடுகள் ஏராளம். இது மட்டும் துண்டு துண்டாக உடையாமல், முழு உடம்போடு ஒரு பக்கமாகச் சரிந்து நின்றுவிட்டது.

கட்டடம் 1765ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதலில் அது ஒரு பண்ணை வீடு, 1830 வாக்கில் பப் ஆனது. அந்த ஆண்டுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. 1830இல்தான் இங்கிலாந்தில் பியர்க்கடைச் சட்டம் வந்தது. ஜின் குடித்து ஜனங்கள் கெடுகிறார்கள், பியர் அவ்வளவு மோசமில்லை என்ற எண்ணத்தில், வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் 2 கினி (இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்) கட்டணம் செலுத்தி பியர் விற்கலாம் என்று அனுமதித்தார்கள். நீதிபதியிடம் போய் நிற்கத் தேவையில்லை. முதல் ஓராண்டுக்குள்ளேயே 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதுக் கடைகள் முளைத்தன. வீட்டின் முன்னறையில் நாலு பெஞ்சு, பின்கட்டில் பியர் காய்ச்ச ஒரு பானை. இங்கிலாந்துக் கிராமத்து பப் என்று இன்று படம் எடுத்து மாட்டுகிறார்களே, அவற்றில் நிறைய இப்படிச் சாதாரண வீடாக இருந்து மாறியவைதான்.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். அதிகாரபூர்வமான பெயர் 'க்ளின் ஆர்ம்ஸ்'. ஆர்ம்ஸ் என்று முடியும் பப் பெயர்கள் பெரும்பாலும் ஒரு பிரபுக் குடும்பத்தின் குலச்சின்னத்தைக் குறிப்பவை. இந்த நிலம் சர் ஸ்டீபன் க்ளின் என்பவருடையது. அவருடைய தங்கையைக் கட்டியவர்தான் பின்னாளில் நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டன். க்ளின் குடும்பம் இதே வட்டாரத்தில் ஓக் ஃபார்ம் என்ற இரும்பு ஆலையில் பணத்தைப் போட்டு, 1847இல் அது திவாலாகி, குடும்பச் சொத்தே கைவிட்டுப் போகும் நிலை வந்தது. மைத்துனர் கிளாட்ஸ்டன்தான் வருடக்கணக்காகக் கணக்குப் புத்தகங்களோடு மல்லுக்கட்டி அந்தக் கடனைச் சீர்படுத்தினார். பிற்பாடு நிதியமைச்சராகப் பெயர் வாங்கிய மனிதர் வரவு செலவு கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் ஒருவகையில் இந்தக் கரிமண்தான்.

ஆனால் அங்கே பியர் குடித்தவர்கள் யாரும் க்ளின் பெயரைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் வைத்த பெயர் 'சைடன் ஹவுஸ்'. பிளாக் கன்ட்ரி வட்டார வழக்கில் சைடன் என்றால் கோணல். பிரபு வைத்த பெயர் பலகையில் இருந்தது, தொழிலாளி வைத்த பெயர் வாயில் இருந்தது. கடைசியில் வாய்ப்பெயர்தான் ஜெயித்து, பொது ஆங்கிலத்தில் 'க்ரூக்கட் ஹவுஸ்' என்று பலகையிலும் ஏறியது. எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

யார் அந்தக் குடிகாரர்கள் என்று கேட்டால், சுரங்கத்தில் கரி வெட்டியவர்கள், உலையடியில் நின்றவர்கள், செங்கல் சூளைக்காரர்கள். பன்னிரண்டு மணி நேரம் வெக்கையில் வெந்தவனுக்குத் தண்ணீர் வேண்டும், அந்தக் காலத்தில் அங்கே நல்ல தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாது. அந்தப் பகுதியின் பியர் 'மைல்டு'. கருஞ்சிவப்பு நிறம், லேசான இனிப்பு, பிற்காலத்தில் போதையும் குறைவு. பேங்க்ஸ் என்ற உள்ளூர் கம்பெனியின் மைல்டில் ஆல்கஹால் மூன்றரை சதவீதம்தான் இருந்தது. தொழிலாளி ஏமாறுவதும் பப்பில்தான் நடந்தது. சுரங்கக் கங்காணிகள் கூலியை பப்பில் வைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கடையோடு கங்காணிக்கு உறவு இருக்கும். கூலியில் பாதி வாங்கிய இடத்திலேயே கரையும். 1842ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது எல்லோருக்கும் தெரியும். பப்பில் வைத்துச் சுரங்கத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கக்கூடாது என்று சொன்னதும் அதே சட்டம்தான். 1883இல் மற்றத் தொழிலாளிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு வந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பப் என்றால் குடிக்கிற இடம் என்று மட்டும் நினைத்தால், அது போனதற்கு ஜனங்கள் ஏன் அழுதார்கள் என்பது புரியாது. சங்கக் கூட்டம், சீட்டுப் பணம், சாவுச் செய்தி, கல்யாணப் பேச்சு, புறாப் பந்தயம் எல்லாம் நடந்த இடம் அது. கோயில் மண்டபமும் டீக்கடையும் ஊர்த் திண்ணையும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படியோ அப்படி.

1940களில் ஒரு கண்டம் வந்தது. கட்டடம் ஆபத்தானது, இடித்துவிடவேண்டும் என்று முடிவாகிவிட்டது. அப்போது வுல்வர்ஹாம்டன் அண்ட் டட்லி ப்ரூவரீஸ் என்ற பியர் கம்பெனி முன்வந்து அதைத் தாங்கிப் பிடித்தது. முட்டுச்சுவர் எழுப்பினார்கள். சுவருக்குச் சுவர் இரும்பு இழுகம்பி மாட்டி முடுக்கினார்கள். உத்திரத்துக்கு இரும்பு கொடுத்தார்கள். நிமிர்த்த முயலவில்லை, அதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கட்டும், இனிமேல் சாயாமல் இருந்தால் போதும் என்று விட்டார்கள். 'எப்படி விழாமல் நின்றது' என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: உரிமையாளருக்கு அது நிற்கவேண்டும் என்ற ஆசை இருந்தது, அதற்குக் காசு செலவழித்தார்கள். அப்புறம் எண்பது வருடம் பஸ் பஸ்ஸாக ஆட்கள் கோலிக்குண்டு உருட்ட வந்தார்கள்.

அடுத்தது, அந்த ஆசை எப்படிப் போனது என்பது. இது ஒரு பப்பின் கதை மட்டும் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலான பப்கள் வெகுகாலம் பியர் கம்பெனிகளின் சொத்தாக இருந்தவை. கம்பெனிக்கு பப் என்றால் தன் பியரை விற்கும் வாசல், அதனால் நஷ்டத்தில் ஓடும் கடையைக்கூட வைத்திருக்கக் காரணம் இருந்தது. 1989இல் அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. ஏகபோகத்தை உடைக்கிறோம் என்று சொல்லி, 2,000க்கு மேல் பப் வைத்திருக்கும் கம்பெனிகள் அந்த வரம்புக்கு மேலுள்ளதில் பாதியைத் தங்கள் பிடியிலிருந்து விடுவிக்கவேண்டும் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். நடந்தது வேறு. பியரே காய்ச்சாத, பப்களை வாடகைச் சொத்தாக மட்டும் பார்க்கிற பெரிய நிறுவனங்கள் கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தன. பப் என்பது அடிமனையாகிவிட்டது. 2007இல் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை, 2008இலிருந்து சில வருடம் ஏறிக்கொண்டே போன பியர் வரி, சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்த பியர் எல்லாம் சேர்ந்துகொண்டன. 2000ஆம் ஆண்டில் 60 ஆயிரத்துக்கு மேல் இருந்த பப்கள் இன்று ஏறத்தாழ 45 ஆயிரம்.

கோணல் வீட்டைக் காப்பாற்றிய கம்பெனி 2007இல் மார்ஸ்டன்ஸ் என்று பெயர் மாறியது. 2023 தொடக்கத்தில் அது இந்த பப்பை 6 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு விலை குறித்து விற்பனைக்கு விட்டது. ஜூலையில் கை மாறியது. பப் மூடிக் கிடந்தது.

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை இரவு தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தபோது சந்தில் மண்மேடு கொட்டி வழி அடைபட்டுக் கிடந்தது. வண்டியை விட்டு இறங்கித் தூரத்திலிருந்தே குழாய் இழுத்துத்தான் தண்ணீர் அடிக்க முடிந்தது. உள்ளே யாரும் இல்லை, யாருக்கும் காயமில்லை. கூரை போனது, உள்ளே எல்லாம் போனது. ஆனால் சுவர்கள் நின்றன. இதைக் கவனியுங்கள்: இருநூற்றைம்பது வருடக் கோணல் சுவர், தீயையும் தாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அது இல்லை. மேல்மாடி முன்சுவரில் விழக்கூடிய மூன்று பகுதிகளை மட்டும் பாதுகாப்புக்காக இறக்கலாம் என்றுதான் சவுத் ஸ்டாஃபோர்ட்ஷைர் கவுன்சில் ஒப்புக்கொண்டிருந்தது. இயந்திரம் முழுக் கட்டடத்தையும் தரைமட்டமாக்கியது. காவல்துறை தீவைப்பு என்று வழக்கை எடுத்து விசாரித்தது, சிலரைக் கைதும் செய்தது. அந்த விசாரணைக்குள் நான் போகவில்லை.

அந்த வாரம் ஊர்க்காரர்கள் இடிபாட்டைச் சுற்றி நின்றார்கள். பூ வைத்தார்கள், முறை போட்டுக் காவல் காத்தார்கள். சிலர் ஞாபகத்துக்கு ஒரு செங்கல் எடுத்துப் போனார்கள். அப்புறம் அதைத் திருப்பிக் கொடுங்கள், தேவைப்படும் என்று கோரிக்கை வந்தது.

அரசாங்கம் ஏன் காப்பாற்றவில்லை? இங்கிலாந்தில் பழைய கட்டடங்களுக்குப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறிவிட்டால், அனுமதியில்லாமல் இடிப்பதே கிரிமினல் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. கோணல் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. நாடே அறிந்த கட்டடம், ஆனால் யாரும் உரிய காலத்தில் அதன் பெயரை எழுதிவைக்கவில்லை. சேர்க்கச் சொல்லி, பழைய கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்புக்கு விண்ணப்பம் போயிருந்தது, பரிசீலனை முடிவதற்குள் தீ முந்திக்கொண்டது. எனக்கு இன்றும் மனம் ஆறாதது இந்த ஓர் இடத்தில்தான்.

பட்டியலில் இல்லாத பப்புக்கும் ஒரு சின்னக் காவல் உண்டு. 2017 மே மாதத்திலிருந்து எந்த பப்பை இடிக்கவும் திட்ட அனுமதி வாங்கவேண்டும். ஆனால் அதை மீறி இடிப்பது உடனடிக் குற்றம் ஆகாது, விதிமீறல்தான். கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும், அந்த நோட்டீஸையும் மீறினால்தான் குற்றம். இடிக்க ஒரு பகல் போதும், நோட்டீஸ் வர மாதக்கணக்கு ஆகும். இந்த இடைவெளியில்தான் கட்டடங்கள் போகின்றன.

கவுன்சில் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2024 பிப்ரவரியில், தீக்கு முன் இருந்தபடியே மூன்று ஆண்டுக்குள் கட்டித்தர வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தது. உரிமையாளர் தரப்பு மேல்முறையீடு செய்தது. இதற்கு முன்னுதாரணம் லண்டனில் இருக்கிறது. மெய்டா வேலில் இருந்த கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பை 2015 ஏப்ரலில் அனுமதியில்லாமல் இடித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடவில்லை, செங்கல் செங்கலாக அதே மாதிரி கட்டு என்றது. 2021 ஏப்ரலில் அது மீண்டும் திறந்தது. அங்கே ஊர்க்காரர்கள் முன்பே சந்தேகப்பட்டு, கட்டடத்தை அளந்து பதிவு செய்யவைத்திருந்தார்கள். அந்தப் பதிவு இல்லாமல் மறுகட்டுமானம் நடந்திருக்காது.

கோணல் வீட்டைத் திரும்பக் கட்டினால் சாய்வோடு கட்டுவதா, நேராகக் கட்டுவதா என்று சண்டை போடுகிறார்கள். பூமி இழுத்த சாய்வை மனிதன் செயற்கையாகக் கட்டினால் அது பொய்யல்லவா என்பது ஒரு கட்சி. நான் சாய்வின் பக்கம். 1940களிலேயே அந்தச் சாய்வு மனித முடிவாகிவிட்டது. முட்டுச்சுவர் கொடுத்தவர்கள் அதைத் தெரிந்தே வைத்துக்கொண்டார்கள். செங்கல்லும் பத்திரமாக எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது, ஆயிரக்கணக்கில். கட்டப்போகும் கொத்தனாருக்குத்தான் சிரமம். ஒவ்வொரு வரியையும் குறித்த அளவுக்குத் தப்பாக வைக்கவேண்டும், எந்தத் தப்பும் நேராமல்.

அந்தப் பக்கம் போகிற வாய்ப்புக் கிடைத்தால், டட்லியில் உள்ள பிளாக் கன்ட்ரி லிவிங் மியூசியத்துக்குப் போங்கள். பிரையர்லி ஹில்லில் கால்வாயோரம் இருந்த 'பாட்டில் அண்ட் கிளாஸ்' என்ற பப்பைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே கட்டியிருக்கிறார்கள். தரையில் மரத்தூள் தூவியிருக்கும், கையில் நிஜ பியர் கொடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் 'எலிஃபன்ட் அண்ட் காஸில்' இருக்கும். அது வுல்வர்ஹாம்டனில் 2001இல் திடீரென்று இடிக்கப்பட்ட பப், இருபது வருடம் கழித்து அங்கே அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். பளபளக்கும் அதன் ஓடு பதித்த முகப்பைத் தொட்டுப் பாருங்கள். மைல்டு கேட்டு வாங்குங்கள்.